வளையும் ஸ்பாய்லர் வெடித்துவிட்டால்: ஒட்டுவதா, மாற்றுவதா, கழற்றிவிடுவதா?

டிக்கி மேல் இறக்கை போல இருக்கும் ஸ்பாய்லர் வெளுத்து, பெயிண்ட் செதில் செதிலாக உரிந்து, ஓரத்தில் வெடிப்பும் விட்ட பிறகு காரைப் பட்டறைக்குக் கொண்டுபோனால் பெரும்பாலும் இரண்டு பதில்தான் கிடைக்கும். ஒன்று, "பட்டி போட்டு அடிச்சுத் தந்துருதேன்." மற்றது, "இதெல்லாம் நிக்காது, கழத்திட்டு ஃபைபர்ல ஒண்ணு போட்டுருங்க." இரண்டுமே அவசரத்தில் சொல்லும் பதில்கள். பட்டி போட்டது மூன்று மாதத்தில் பிளக்கும். ஃபைபர் போட்டால் இடைவெளி தெரியும், போல்ட் துளை சேராது. வளையும் பொருளை வளையும் பொருளாலேயே சரிசெய்து, வளையும் பெயிண்டே அடிக்கிற ஒரு வழி நடுவில் இருக்கிறது. அது எல்லா ஸ்பாய்லருக்கும் சரிப்படாது. எதற்குச் சரிப்படும், எதற்குச் செலவே செய்யக்கூடாது என்பதைப் பிரித்துப் பார்த்துவிட்டால் முடிவெடுப்பது சுலபம்.

கெட்டியான ஏ.பி.எஸ். பிளாஸ்டிக் ஸ்பாய்லரும், கண்ணாடி நார் ஃபைபரும் இங்கே பேச்சில் இல்லை. கையால் அமுக்கினால் கொஞ்சம் உள்வாங்கி, விட்டதும் பழையபடி நிமிர்கிறதே, அந்த ரகம்தான். பெரும்பாலும் பாலியூரித்தேன், பட்டறையில் பி.யு. என்பார்கள். சில வண்டிகளில் ரப்பர் கலந்த பாலிபுரொப்பிலீன். காரின் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் பாகம் கெட்டியாக இருந்தால் நடந்துபோகிறவர் மேல் பட்டாலே காயம், லேசாக எதிலாவது இடித்தாலும் உடையும். அதனால்தான் நெகிழும் பொருளில் செய்தார்கள். பழைய போர்ஷே 911 டர்போவின் பெரிய பின் இறக்கையின் விளிம்பு ரப்பர் போல வளைவதும் இதனால்தான். நம்மூர்ப் பழைய லான்சர், ஆக்சென்ட், எஸ்டீம் மேல் பிற்பாடு வாங்கி மாட்டிய ஸ்பாய்லர்களில் பலவும் இதே குடும்பம்.

வெயில்தான் இதற்கு முதல் எதிரி. பாளையங்கோட்டையில் சித்திரை, வைகாசி மதியம் திறந்த இடத்தில் நிற்கிற கறுப்பு வண்டியின் டிக்கி மேல் கை வைக்க முடியாது. புற ஊதாக் கதிர் பி.யு.வை மஞ்சளாக்கி, மேல்தோலை மாவாக்கி, பிறகு வெடிக்க வைக்கும். திருச்செந்தூர், உவரி, கூடங்குளம் என்று கடலோரம் அடிக்கடி போய்வருகிற வண்டி என்றால் ஸ்பாய்லருக்குள் பதித்திருக்கும் இரும்புத் தகடும் ஸ்டட் போல்ட்டும் துருப்பிடித்துப் பருத்து, உள்ளிருந்தே பிளக்கும். மூன்றாவது நம் கை. டிக்கியை மூட ஸ்பாய்லரைப் பிடித்து இழுக்கிறோம். குற்றாலம் சீசனில் ஈரத் துண்டைக் காயப் போடவும் அதுதான் கொடி. போல்ட் இருக்கும் இடத்தில் குறுக்கே விடுகிற வெடிப்புகளில் பலவும் இழுத்து மூடியதால் வருவதே.

முதலில், கையில் இருப்பது என்ன பொருள்?

இதைத் தெரிந்துகொள்ளாமல் எந்த வழியையும் தேர்ந்தெடுக்கக் கூடாது. ஸ்பாய்லரைக் கழற்றி அடிப்பக்கம் பாருங்கள். பி.யு.ஆர்., டி.பி.யு., பி.பி. + இ.பி.டி.எம்., டி.பி.ஓ. என்று ஏதாவது ஒரு குறி அம்பு முனைகளுக்கு நடுவே அச்சாகியிருக்கும். முதல் இரண்டும் பி.யு. குடும்பம், மற்ற இரண்டும் ரப்பர் கலந்த பாலிபுரொப்பிலீன் குடும்பம். கம்பெனி பாகத்தில் அநேகமாக இருக்கும். வெளியில் வாங்கி மாட்டியதில் பல நேரம் இருக்காது.

குறி இல்லையென்றால் அடிப்பக்கத்தின் மேல்தோலிலிருந்து நகக்கண் அளவு சீவி எடுத்து, ஒரு தம்ளர் தண்ணீரில் போட்டு விரலால் முக்கி விடுங்கள். பாலிபுரொப்பிலீன் சேர்ந்தது மேலே வந்துவிடும். பி.யு.வும் ஏ.பி.எஸ்.ஸும் மூழ்கும். சீவல் தோலிலிருந்துதான் வேண்டும், ஏனென்றால் பி.யு. ஸ்பாய்லர் பலவற்றில் வெளியே கெட்டியான தோலும் உள்ளே நுரையும் இருக்கும், நுரைத் துண்டைப் போட்டால் பி.யு.வே மிதந்து ஏமாற்றிவிடும். உப்புத்தாளும் ஒரு நல்ல சாட்சி. தேய்த்தால் பி.யு. பொடியாக உதிரும், பாலிபுரொப்பிலீன் வகை மெழுகு போல இழுத்துக்கொண்டு நார்நாராக வரும். தீக்குச்சி கொளுத்திப் பார்க்கிற பழக்கம் சிலருக்கு உண்டு. தயவுசெய்து வேண்டாம். பி.யு. எரிந்தால் வருகிற புகையில் சயனைடு வாயு இருக்கும்.

அடுத்து, அதற்கு உயிர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். காலையில், வெயில் ஏறுமுன், ஓரத்தைப் பிடித்து மெதுவாக வளையுங்கள். வளைந்து திரும்பி வந்தால் உயிர் இருக்கிறது. வெடிப்பு எங்கே ஓடுகிறது என்று ஓரிடத்தில் பெயிண்டைச் சுரண்டிப் பாருங்கள். வலை வலையாகத் தெரிகிற கீறல் பெயிண்டோடு நின்றுவிட்டால் அது வெறும் பெயிண்ட் வேலை, பயமில்லை. கீறல் தோலையும் தாண்டி இறங்கியிருந்தால் ஒட்டு வேலை. வளைக்கும்போதே முறுக்கு ஒடிவதுபோல் ஒடிந்து பொடியானால், அதன் மேல் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காதீர்கள். இந்தக் கடைசி நிலையில் உள்ளதைத்தான் ஒட்டி ஒட்டி நம்மவர்கள் அதிகப் பணம் விடுகிறார்கள்.

எண்ணெய் பூசி ஓட்டுவது

உயிர் இருக்கிறது, வெடிப்பு இல்லை, வெளுப்பு மட்டும்தான் என்றால் முதல் வழி, சோப்புத் தண்ணீரில் நன்றாகக் கழுவி, புற ஊதாத் தடுப்புள்ள தண்ணீர் வகை டிரெஸ்ஸிங், அதாவது பிளாஸ்டிக்குக்கு மெருகு தரும் திரவம், பூசுவது. பெயிண்ட் அடிக்காத கறுப்பு ஸ்பாய்லருக்கு இது போதும். சில வாரத்துக்கு ஒருமுறை பூச வேண்டியிருக்கும், அவ்வளவே.

இதில் ஒரு எச்சரிக்கை உண்டு. பளபளவென்று எண்ணெய் போல் நிற்கும் சிலிக்கான் டிரெஸ்ஸிங்கைப் பூசிவிட்டு, ஆறு மாதம் கழித்து பெயிண்ட் அடிக்க நினைத்தால், அடித்த பெயிண்ட் ஆங்காங்கே வட்ட வட்டமாக விலகிக் குழிவிடும். பெயிண்டர்கள் மீன்கண் என்று சொல்வது இதைத்தான். பின்னால் பெயிண்ட் அடிக்கும் எண்ணம் இருந்தால் சிலிக்கானைக் கிட்டவே விடாதீர்கள். டீசல் துணியால் துடைப்பதும் வேண்டாம். இ.பி.டி.எம். ரப்பர் டீசலை உறிஞ்சி ஊதிவிடும். தேய்த்த அன்று கறுப்பாக ஜொலிக்கும், ஒரு வாரத்தில் ரோட்டுப் புழுதி முழுக்க அதில் ஒட்டியிருக்கும்.

ஸ்டிக்கர் சுற்றுவது

வினைல் ஸ்டிக்கர் சுற்றித் தரும் கடைகள் இப்போது நிறைய வந்துவிட்டன. சமதளமான, மேல்தோல் கெடாத ஸ்பாய்லருக்கு ஒன்றிரண்டு வருடம் ஓட்டலாம். மாவு உதிரும் பரப்பில் பசை பிடிக்காது. முனைகள் இரட்டை வளைவாக இருக்கும் இடத்தில் ஸ்டிக்கரை இழுத்துத்தான் உட்கார வைப்பார்கள். நம் வெயிலில் அது சுருங்கி ஓரம் எழும்பும். கீழே இருக்கும் வெடிப்பும் கோடாக வெளியே தெரியும். காரை விற்கப்போகிறீர்கள், பார்வைக்கு மட்டும் வேண்டும் என்றால் வாங்குகிறவரிடம் சொல்லிவிட்டுச் செய்யலாம். வைத்து ஓட்டப்போகிறவருக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன்.

ஒட்டி, தேய்த்து, வளையும் பெயிண்ட் அடிப்பது

என் ஓட்டு இதற்குத்தான். வளைவு இன்னும் மிச்சமிருந்து, வெடிப்பு ஓரிரு இடத்தில் இருந்தால் வேறு எந்த வழியும் இதற்கு ஈடு கிடையாது. அசல் பாகத்தின் வளைவு, போல்ட் துளை எல்லாம் உங்கள் வண்டிக்கென்றே அமைந்தவை. அதைக் காப்பாற்றுவது பெரிய விஷயம். மருந்து, பசை, பிரைமர் என்று பொருள் செலவு பெரிதாக வராது, கூலிதான் செலவு. ஒரு பம்பரைத் தேய்த்து அடிக்கும் கூலியை மனதில் வைத்து அதற்குமேல் ஒட்டு வேலைக்குக் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கழற்றுவதில் தொடங்குவோம். டிக்கி உள்பக்க லைனிங்கை எடுத்தால் நட்டுகள் தெரியும். துருவேறியிருந்தால் முதல்நாளே துருநீக்கி எண்ணெய் விட்டு வையுங்கள். பலம் கொடுத்துத் திருகினால் ஸ்டட் போல்ட் பி.யு.வுக்குள்ளேயே சுழன்றுவிடும், அப்புறம் அது தனி வேலை. நட்டை எடுத்தும் வரவில்லை என்றால் அடியில் இருபக்க டேப் இருக்கிறது என்று அர்த்தம். நெம்பாதீர்கள். தூண்டில் நரம்பை இரண்டு கையிலும் சுற்றிக்கொண்டு அடியில் கொடுத்து ரம்பம் அறுப்பதுபோல் இழுத்தால் டிக்கி பெயிண்டில் கீறல் விழாமல் கழன்று வரும்.

பழைய பெயிண்டை எடுக்க பெயிண்ட் ரிமூவர் ஊற்றவே கூடாது. இரும்புத் தகட்டுக்கு அது சரி. பி.யு.வுக்குள் அது இறங்கி ஊற வைத்துவிடும். மேலே அடிக்கிற புதுப் பெயிண்ட் பிறகு கொப்புளமாக எழும்பும். சாதா தின்னரில் முக்கிய துணியும் இதே கேட்டைக் கொஞ்சம் மெதுவாகச் செய்யும். சோப்புத் தண்ணீர், பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் அல்லது மெழுகு நீக்கும் திரவம், பிறகு உப்புத்தாள். இந்த வரிசை போதும். கழுவிய பி.யு. ஈரத்தை வாங்கி வைத்திருக்கும். ஒரு நாள் முழுக்க நிழலில் காற்றோட்டமாக உலர்ந்த பிறகே அடுத்த வேலை.

வெடிப்பை ஒட்டுவதில்தான் பட்டறைக்குப் பட்டறை வித்தியாசம். திருநெல்வேலி வண்ணார்பேட்டைப் பக்கம் வயதான மிஸ்திரி ஒருவர் செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். வெடிப்பின் இரண்டு முனையிலும் சின்னதாக ஒரு துளை போட்டார், அதற்குமேல் ஓடாமல் நிற்பதற்கு. அப்புறம் வெடிப்பின் நீளத்துக்கு இரண்டு பக்கமும் சாய்வாகத் தோண்டி, வி வடிவப் பள்ளம் ஆக்கினார். அடிப்பக்கம் அந்த இடத்தைத் தடித்த உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, கண்ணாடி நார் வலைத்துணி வைத்து, வளையும் இரண்டு பாக யூரித்தேன் பசையைத் தடவி அமுக்கினார். அது இறுகிய பிறகே மேல்பக்கப் பள்ளத்தை அதே பசையால் நிரப்பினார், பரப்பைவிடக் கொஞ்சம் மேடாக. "ஏன் அண்ணாச்சி, பட்டி போட்டா சீக்கிரம் முடிஞ்சிருமே" என்று கேட்டேன். "சீக்கிரந்தான் முடியும் தம்பி. இது நெளியும், பட்டி நெளியாது. டிக்கிய நாலு தடவ அடிச்சு மூடுனா பட்டி பாளம் பாளமா வந்துரும்" என்றார். இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லிவிட முடியாது.

இரும்புத் தகட்டுக்குப் போடும் பாலியெஸ்டர் பட்டி இறுகினால் கெட்டி, அதனால் பிளக்கும். அரால்டைட், எம்-சீல் போன்றவையும் கெட்டியாக இறுகும் சாமான்கள்தான். ஃபெவிகுவிக் ஒரு நிமிடத்தில் பிடிக்கும், முதல் வளைவில் கண்ணாடி போல உடையும். பிளாஸ்டிக் பம்பருக்கென்றே விற்கும் வளையும் ஃபில்லர், வளையும் யூரித்தேன் அல்லது எபாக்ஸி பசை என்று கேட்டு வாங்குங்கள். ஊரில் கிடைக்காவிட்டால் ஆன்லைனில் வரவழைக்கலாம். காத்திருப்பதில் தப்பில்லை.

"சூடு வைத்து உருக்கி ஒட்டித் தருகிறேன்" என்று ஒரு யோசனையும் வரும். பாலிபுரொப்பிலீன் வகைக்கு அது நல்ல வழி, அதே வகைக் குச்சியால் உருக்கி இணைக்கலாம். குறி பி.யு.ஆர். என்றிருந்தால் அது உருகும் பொருளே இல்லை. சூடு வைத்தால் கருகும், குமிழியிடும். இந்த யோசனைக்குத் தலையாட்டும் முன் அந்தக் குறியைப் பார்க்கச் சொல்வது இதற்காகத்தான்.

சூட்டால் ஆகிற உபகாரம் ஒன்றும் உண்டு. நடுவில் தொய்ந்தோ, அலை அலையாகவோ போன பி.யு. ஸ்பாய்லரை ஹீட் கன்னால் தூரத்திலிருந்து, ஒரே இடத்தில் நிறுத்தாமல், கை பொறுக்காத சூடு வரும்வரை சூடாக்கி, சமதளப் பலகையில் வைத்துப் பாரம் ஏற்றி, ஈரத்துணியால் ஆற வைத்தால் பெருமளவு நேராகும். பங்குனி வெயிலில் மொட்டை மாடியில் பலகை மேல் வைத்து எடுத்தாலே லேசான தொய்வு போய்விடும்.

தேய்க்கும்போது கண்ணைக் கொஞ்சம் கூர்மையாக வைத்துக்கொள்ளுங்கள். ஒட்டிய இடத்தை 80 நம்பர் உப்புத்தாளில் தொடங்கி 180க்கு வந்து, முழுப் பரப்பையும் 320ல் முடிக்கலாம். தோல் தேய்ந்து நுரை வெளியே வந்துவிட்டால் ஊசிமுனைத் துளைகள் நூற்றுக்கணக்கில் தெரியும். அதன் மேல் நேரே பிரைமர் அடித்தால் துளைகள் அதை உறிஞ்சும், காயும்போது காற்று மேலே வந்து பெயிண்டில் குழி விடும். அந்த இடத்தில் வளையும் ஃபில்லரை ரப்பர் ஸ்கிரேப்பரால் அழுத்தித் தேய்த்து, துளைகளை அடைத்து, மறுபடி தேய்த்த பிறகே மேலே போக வேண்டும். இந்தப் படியைத் தாண்டிக் குதிக்கிற பெயிண்டர் மற்ற எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தாலும் வேலை நிற்காது.

இனி பெயிண்ட். பாலிபுரொப்பிலீன் வகை என்றால் பிரைமருக்கு முன்னால் பெயிண்டைப் பிடிக்க வைக்கும் அட்ஹீஷன் புரொமோட்டர் கட்டாயம். அது இல்லாமல் அடித்த பெயிண்ட் நகத்தால் கீறினாலே தாளாக உரியும். பி.யு.வுக்கு அது அவசியமில்லை, நன்றாகச் சொரசொரப்பாக்கினால் போதும். பிரைமர் பிளாஸ்டிக்குக்கான வளையும் ரகம். மேலே நிறத்துக்கான பேஸ் கோட், அதற்குமேல் நிறமில்லாத பளபளப்புப் பூச்சான இரண்டு பாக யூரித்தேன் கிளியர். கிளியரில் அதை வளைய வைக்கும் ஃப்ளெக்ஸ் அடிட்டிவ் கலக்கலாம். இப்போது வரும் நல்ல கிளியர்கள் சில தாமாகவே வளையும் என்பதால் டப்பாவோடு வரும் தாளைப் படித்து அதன்படி செய்வது நல்லது. கலந்தால் காய நேரமாகும், அவசரப்படுத்தக் கூடாது. ஃப்ளெக்ஸின் பலன் காலப்போக்கில் குறையும் என்பதையும் மனதில் வையுங்கள். கழற்றி மாட்டும்போது ஏற்படும் பெரிய வளைவிலிருந்து அது காப்பாற்றும், ஆயுள் முழுக்க அதை நம்பியிருக்க முடியாது. எந்தக் கோட்டும் தடிமனாக வேண்டாம். மெல்லிய படலம் வளையும், தடித்த படலம் வெடிக்கும்.

என்.சி. பெயிண்ட் என்கிற மலிவான, சீக்கிரம் காய்கிற ரகத்தை மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள். அடித்த அன்று நன்றாகத்தான் இருக்கும். சூட்டில் விரிந்து குளிரில் சுருங்கும் பொருளின் மேல் அது சீக்கிரமே கீறல் விடும்.

சொந்தமாக வீட்டில் அடிக்க நினைக்கிறவர்களுக்கு ஒரு சொல். இரண்டு பாகக் கிளியரை இறுக வைக்கும் ஹார்ட்னரில் ஐசோசயனேட் என்கிற ரசாயனம் இருக்கிறது. அது நுரையீரலைக் கெடுக்கும், ஆஸ்துமாவையும் வரவழைக்கும். துணியோ, தூசிக்கான மாஸ்க்கோ அதைத் தடுக்காது. காற்றுக்குழாய் வைத்த முகமூடியும், பெயிண்ட் அடிப்பதற்கென்றே உள்ள மூடிய அறையும் (பூத்) இல்லாமல் வீட்டு முற்றத்தில் அடிக்கிற காரியம் இது இல்லை. ஒட்டுவது, தேய்ப்பது, துளை அடைப்பது எல்லாவற்றையும் வீட்டில் பொறுமையாக முடித்துவிட்டு, அடிப்பதை மட்டும் பட்டறைக்குக் கொடுப்பதுதான் சரி. பணமும் மிச்சமாகும், கவனம் வேண்டிய வேலை உங்கள் கையிலேயே இருக்கும்.

மாற்றிவிடுவது

ஒடிந்து பொடியாகும் நிலையில் இருந்தால் மாற்றித்தான் ஆக வேண்டும். மூன்று இடம் இருக்கிறது. சென்னை புதுப்பேட்டை மாதிரிப் பழைய பாகங்கள் கிடைக்கும் சந்தையில் அசலைத் தேடலாம். கிடைத்தால் பொருந்தும். ஆனால் அதுவும் உங்களுடையதைப் போலவே வெயில் தின்றதுதான், போட்டோவை மட்டும் பார்த்துப் பணம் அனுப்பாதீர்கள். வளைத்து ஒரு வீடியோ அனுப்பச் சொல்லுங்கள். இன்னொன்று, கோயம்புத்தூர்ப் பக்கம் ரேஸ் வண்டிகளுக்கு ஃபைபர் வேலை செய்கிறவர்களிடம் உங்கள் பழையதையே அச்சாக வைத்து ஒன்று போடச் சொல்வது. ஃபைபர் ஸ்பாய்லர் பின்னால் இருக்கும்வரை நல்ல தேர்வு. வெயிலில் தொய்யாது, சாதாரண பட்டியும் பெயிண்டும் அதில் பிடிக்கும், எந்தப் பட்டறையும் அதைக் கையாளும். அடிப்பரப்பு டிக்கியோடு ஒட்டி உட்காரும்படி தேய்த்துச் சரிசெய்ய நேரம் பிடிக்கும்; அதற்குப் பொறுமையுள்ள ஆள் வேண்டும். மூன்றாவது, ஆன்லைனில் வரும் புது ஏ.பி.எஸ். ஸ்பாய்லர். உங்கள் மாடலுக்கென்றே வருவது கிடைத்தால் வாங்கலாம். எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்று போட்டிருந்தால் எந்த வண்டிக்கும் முழுசாகப் பொருந்தாது.

கழற்றிவிட்டுத் துளையை அடைப்பது மலிவான வழி என்று பலர் நினைக்கிறார்கள். கணக்குப் பார்த்தால் இதுதான் பெரிய செலவு. துளைகளை வெல்டு வைத்து அடைத்து, டிக்கி முழுக்கத் தேய்த்து, முழுப் பரப்பும் அடித்து, வெளுத்துப்போன பக்கத்துப் பேனல்களோடு நிறத்தைச் சேர்க்க வேண்டும். ரப்பர் மூடி வைத்துத் துளையை மூடினால் ஐப்பசி, கார்த்திகை மழையில் டிக்கிக்குள் தண்ணீர் இறங்கி ஸ்டெப்னி குழியில் நிற்கும். ஸ்பாய்லர் பிடிக்கவே இல்லை, டிக்கியும் எப்படியும் அடிக்க வேண்டிய நிலையில் இருக்கிறது என்றால் மட்டும் யோசிக்கலாம்.

முன்பக்க லிப்புக்கு வேறு கணக்கு

பம்பருக்குக் கீழே இருக்கும் கறுப்பு லிப்பை பின்பக்க ஸ்பாய்லரைப் போல நினைத்துச் செலவழிக்காதீர்கள். சேரன்மகாதேவி ரோட்டில் ஊருக்கு ஊர் வேகத்தடை, வீட்டு வாசலில் செங்குத்தான சரிவு. உரசுவதற்கென்றே இருக்கிற பாகம் அது. அதை ஃபைபரில் போட்டால் முதல் வேகத்தடையிலேயே முனை போய்விடும். பளபளவென்று கிளியர் அடித்தாலும் ஒரு வாரத்தில் கீறல். அதற்கு வளையும் பொருளே சரி. வெடிப்பை அடிப்பக்கமிருந்து ஒட்டி, சொரசொரப்பான கறுப்பு பம்பர் கோட்டிங் அடித்துவிட்டால் போதும், கீறல் விழுந்தால் அந்த இடத்தில் மட்டும் மறுபடி அடித்துக்கொள்ளலாம். சுத்த ரப்பர் லிப் என்றால் எந்தப் பெயிண்டும் அதில் நிலைக்காது, கிழிந்தால் புதிதாக வாங்கி மாட்டுங்கள்.

"கழத்தி எறிஞ்சிருங்க, அது சும்மா அலங்காரத்துக்கு" என்று சொல்வார்கள். சில வண்டிகளில் அந்த லிப்தான் காற்றை ரேடியேட்டர் பக்கம் திருப்புகிறது. கம்பெனி வைத்து அனுப்பிய லிப்பை எடுத்துவிட்டு மே மாதம் ஏ.சி. போட்டுக்கொண்டு நான்குவழிச் சாலையில் ஓட்டுகிறவர் டெம்பரேச்சர் முள்ளைக் கவனிக்க வேண்டியிருக்கும்.

எந்த மாதத்தில் கொடுப்பது

பூத் வசதியுள்ள பட்டறை என்றால் எப்போதும் கொடுக்கலாம். நம்மூரில் பாதிப் பட்டறை தகரக் கொட்டகைதான். ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழி, செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்று காற்றாலைக்கு நல்லது, ஈரக் கிளியருக்கு எமன். அடித்து முடிப்பதற்குள் மண்ணை வாரி இறைத்துவிடும். ஐப்பசியிலிருந்து மார்கழி வரை மழையும் ஈரமும். கிளியர் மங்கலாகப் பனி பூத்தாற்போல் போகும். சித்திரை உச்சி வெயிலில் பெயிண்ட் பரப்பில் விழுமுன்பே பாதி காய்ந்து மணல் போல் சொரசொரப்பாகும். அப்போது அடித்தே ஆக வேண்டுமென்றால் விடிகாலையில், மெதுவாகக் காயும் தின்னரோடு. தைப் பொங்கல் முடிந்து பங்குனி நடுப்பகுதி வரை இருக்கும் இரண்டரை மாதம் இந்த வேலைக்கு நம் பக்கம் ரொம்பத் தோதானது. பண்டிகைக்கு முந்தின வாரம் கொடுத்தால் எந்த மாதமானாலும் அவசர வேலைதான் வரும்.

கொடுக்கும்போது பெயிண்டரிடம் ஒரு காரியம் செய்யச் சொல்லுங்கள். ஸ்பாய்லரிலிருந்தே அடிப்பக்கம் சீவிய பட்டையோ, அதே வகைப் பழைய பம்பர்த் துண்டோ ஒன்றைக் கொடுத்து, ஸ்பாய்லருக்கு அடிக்கிற அதே பிரைமர், அதே பெயிண்ட், அதே கிளியரை அதன் மேலும் அடித்துத் தரச் சொல்லுங்கள். ஒரு வாரம் வெயிலில் போட்டுவிட்டு, விரலில் சுற்றி வளைத்துப் பாருங்கள். கீறல் விடாமல் இருந்தால் ஸ்பாய்லரை மாட்டலாம். கீறல் விட்டால் மாட்டுவதற்கு முன்பே திருப்பிக் கொடுங்கள். அடித்த பெயிண்ட் வளைகிறதா என்பதற்கு அந்தத் துண்டே சாட்சி. மாட்டும்போது துருப்பிடித்த பழைய நட்டுகளை ஒதுக்கிவிட்டு ஸ்டெயின்லெஸ் நட்டும் அடியில் புது ரப்பர் வாஷரும் போடச் சொல்லுங்கள், நட்டை அளவுக்கு மேல் முறுக்க வேண்டாம் என்றும் சொல்லுங்கள். ஒரு மாதம் வரை மெழுகு, பாலிஷ் எதுவும் போடாமல் விடுங்கள். வாட்டர் வாஷ் கொடுக்கிற இடத்தில் குழாயைக் கிட்டே வைத்து ஓரத்தில் அடிக்க வேண்டாம் என்று பையனிடம் சொல்லிவிடுங்கள். டிக்கியை மூட இனிமேல் தகட்டின் மேல் உள்ளங்கையை வைத்து அமுக்குங்கள். வீட்டில் உள்ளவர்களிடமும் அதையே காட்டிக்கொடுங்கள்.